அன்னாள் வாய் திறந்து சொன்னாள்

விடியற்காலை நாலரை மணிக்கே பாறசாலைப் பக்கத்துக் கிராமங்களில் அடுக்களை விளக்கு எரியத் தொடங்கிவிடும். மரச்சீனி அவிக்க வேண்டும். பிள்ளைகளுக்குச் சோறு கட்ட வேண்டும். மாமியாருக்கு மருந்து எடுத்து வைக்க வேண்டும். பிறகு ரப்பர் தோட்டத்துக்கோ, திருவனந்தபுரம் ரயிலுக்கோ ஓட வேண்டும்.

எல்லைப்புறத்துப் பெண்ணுக்கு இன்னொரு ஓட்டமும் உண்டு. 1956 நவம்பர் 1ஆம் தேதி விளவங்கோடு சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. ஆனால் கலியாணங்கள் எல்லையைப் பார்த்து நடக்கவில்லை. பிறந்த வீடு மார்த்தாண்டம், புகுந்த வீடு பாறசாலை. தாய் படுக்கையில் விழுந்தால், களியக்காவிளையில் பஸ் மாறி ஓடுகிறவள் மகள்தான்.

இத்தனைக்கும் மேலே, கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண் ஒரு பயத்தையும் சுமக்கிறாள். மனம் தளர்ந்துவிட்டது என்று சொன்னால் விசுவாசக் குறைவு என்பார்களோ? 'பொறுமையாயிரு, ஜெபம் பண்ணு' என்பார்கள். நல்ல எண்ணத்தோடுதான் சொல்கிறார்கள். ஆனால் இரவெல்லாம் தூக்கமின்றி, காலையில் பிள்ளைகள்மேல் எரிந்து விழுந்து, பிறகு அதற்காகவே அழுகிறவளுக்கு அந்த வார்த்தை மட்டும் போதுமா?

வேதத்தையே திறந்து பார்ப்போம். சாமுவேலின் முதலாம் புத்தகத்தில் வரும் அன்னாளுக்குப் பிள்ளை இல்லை. வீட்டில் பெனின்னாளின் குத்தல் பேச்சு. சாப்பாடு இறங்கவில்லை. கணவன் எல்க்கானா அன்பானவன்தான். ஆனாலும் தான் இருப்பது போதாதா என்று கேட்டானே தவிர, அவள் துக்கத்தை உட்கார்ந்து கேட்கவில்லை. (நம் வீட்டு ஆண்கள் கவனிக்க!) ஆலயத்தில் அழுதவளை ஆசாரியன் ஏலி குடித்திருக்கிறாள் என்று கடிந்துகொண்டான். அவள் தலைகுனிந்து போய்விடவில்லை. தன் மனக்கிலேசத்தை வாய் திறந்து சொன்னாள். ஏலியும் தன் பேச்சை மாற்றி, சமாதானம் சொல்லி அனுப்பினான். அவள் போய்ச் சாப்பிட்டாள், முகவாட்டம் நீங்கியது. சாமுவேல் பிறந்ததோ அதற்குப் பிறகு!

எலியா தீர்க்கதரிசியும் சாக விரும்பிச் சூரைச்செடியின் கீழே படுத்தவரே. தூதன் அவருக்குப் பிரசங்கம் செய்யவில்லை. எழுப்பி அடையும் தண்ணீரும் கொடுத்தான். சாப்பிட்டு மறுபடி தூங்கவும் விட்டான்.

வைத்தியம் நாடுவது அவிசுவாசம் என்ற பேச்சு இந்த மண்ணுக்குப் பொருந்தவே பொருந்தாது. 1838லேயே நெய்யூருக்கு டாக்டர் ராம்சேயை அனுப்பி வைத்தியம் தொடங்கியது லண்டன் மிஷன். எவரெஸ்ட் சிகரம் ஏறப்போன டாக்டர் சோமர்வெல் பின்னர் அதே நெய்யூரில் கத்தி பிடித்தார். காரக்கோணத்துச் சபை மருத்துவக் கல்லூரி அவர் பெயரில்தான் இருக்கிறது. காய்ச்சலுக்கு அங்கே போகிறவர்கள் மனக்கலக்கத்துக்குப் போகக் கூசுவானேன்?

பெண்கள் ஐக்கியக் கூட்டங்களில் பாட்டுக்கும் சாட்சிக்கும் நேரம் இருக்கிறது. 'வீட்டில் உனக்கு எப்படி இருக்கிறது?' என்று கேட்கவும் கால் மணி நேரம் ஒதுக்கலாம். அங்கே கேட்டது கிணற்றடிக்குப் போகக் கூடாது. போனால் அடுத்த முறை யாரும் வாய் திறக்கமாட்டார்கள். கூட்டத்துக்கு வர முடியாதவர்கள் 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் அழைக்கலாம். கட்டணமில்லை; இரவு பகல் எந்நேரமும் பேசலாம். தமிழிலும் பேசலாம், மலையாளத்திலும் பேசலாம்.