வேன் ஜன்னலில் மழைத் தண்ணி வருதா? ஓட்டையை அடைக்காதீங்க, திறந்து விடுங்க!



ஆவணி பிறந்தாலே நம் கலவை, திமிரி, ஆற்காடு பக்கம் சாயங்கால மழை ஆரம்பிச்சிடும். ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை. அந்த மாதங்களில் குழுக் கூட்டங்களில் தவறாமல் வரும் ஒரு பேச்சு, வேனில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தா புடவை நனையுது என்பதுதான். "பழைய வண்டி, அப்படித்தான் இருக்கும்" என்று டிரைவர் சொல்வார். நாமும் பையை மடியில் வச்சுக்கிட்டு சும்மா இருந்துடுவோம்.

ஆனால் தள்ளுற கண்ணாடி வச்ச ஜன்னலில் தண்ணீர் வருவதற்குப் பெரும்பாலும் வண்டியின் வயசு காரணம் இல்லை. காரணம் என்ன, நம் கையாலேயே எதைச் சரி செய்யலாம், எதை மெக்கானிக்கிடம் விடணும் என்பதை இந்த இதழில் பார்ப்போம்.

இது சின்ன விஷயமா?

நம் உறுப்பினர்களில் பலர் ராணிப்பேட்டை, செய்யாறு பக்கத்து ஷூ கம்பெனிகளுக்கு வேனில் போகிறவர்கள். காலையில் நனைஞ்ச துணியோடு மிஷினில் உட்கார்ந்தால் சாயங்காலம் வரை அதே ஈரம்தான். மாதவிலக்கு நாளில் அந்தக் கஷ்டத்தைச் சொல்லவே வேண்டாம்.

ஆம்பூர், பேரணாம்பட்டு பக்கம் ஷூ மேல்பாகத்தைக் கையால் தைக்கும் வேலை வீடு தேடி வருகிறது. அந்தத் தோல் கட்டு வழியில் நனைஞ்சால் கறை பிடிக்கும், அப்படியே கட்டி வச்சால் பூஞ்சை பூக்கும். பீஸ் கெட்டால் கூலியில் கை வைப்பார்கள்.

வங்கிக் கடனில் வேன் வாங்கி ஓட்டும் குடும்பங்களுக்கு இன்னும் பெரிய நஷ்டம். ஜன்னலில் இறங்கும் தண்ணீர் தரை மேட்டுக்கு அடியில் போய் நிற்கும். மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது. அடியில் தகடு துருப்பிடித்து ஓட்டை விழும். சீட்டுக்கு அடியில் போகும் ஒயரும் நனையும். வாடகை வண்டிக்கு 8 வருஷம் வரை 2 வருஷத்துக்கு ஒரு முறை எஃப்.சி. காட்டணும், அதுக்கு மேல் வருஷா வருஷம் காட்டணும். தரை துருப்பிடித்த வண்டியை அங்கே கொண்டு போய் நிறுத்தினால் டிங்கர் வேலை செய்துவிட்டு வரச் சொல்வார்கள். துருவுக்கு இன்சூரன்சும் பணம் தராது. நாளாவட்டத்தில் தேய்ந்து கெட்டுப்போவது அதில் சேராது.

ஜன்னல் எப்படி வேலை செய்யுது?

வேன் ஜன்னலில் இரண்டு கண்ணாடி முன்னும் பின்னும் தள்ளும்படி இருக்கும். அவை ஓடுவதற்குக் கீழே ஒரு பள்ளம் இருக்கும். அதைச் சேனல் என்பார்கள். சேனலுக்குள் வெல்வெட் துணி மாதிரி கறுப்புப் பட்டை ஒன்று இருக்கும். அதுதான் பீடிங். கண்ணாடி ஆடாமல் பிடித்துக்கொள்வதும், கண்ணாடியில் வழியும் தண்ணீரைத் துடைத்து விடுவதும் அதன் வேலை. முழுச் சட்டத்தையும் வண்டித் தகடோடு சேர்க்க, வெளியில் சுற்றிலும் ரப்பரோ சிலிக்கான் பசையோ இருக்கும்.

இப்போ முக்கியமான விஷயத்துக்கு வருவோம். தள்ளுற கண்ணாடியை முழுசா இறுக்கி மூட முடியாது. இறுக்கினால் நகராது. அதனால் மழையில் கொஞ்சம் தண்ணீர் சேனலுக்குள் வரத்தான் செய்யும். வந்த தண்ணீர் வெளியே போகட்டும் என்றுதான் சேனலின் அடியில், வெளிப்பக்கமாகச் சின்னச் சின்ன ஓட்டைகள் வச்சிருக்காங்க.

நம் ஊர் ஏரியை நினைச்சுப் பாருங்க. ஏரிக்குத் தண்ணீர் வருவது தப்பில்லை. நிரம்பினால் கோடி வழியாகப் போயிடும். கோடியை முள்ளும் மண்ணும் அடைச்சுக்கிட்டால்தான் தண்ணீர் கரை மேல் ஏறும். ஜன்னல் சேனலும் அதே மாதிரிதான். ஓட்டை அடைச்சுக்கிட்டால் சேனல் நிரம்பி, உள்பக்க விளிம்பைத் தாண்டி நம் மடியில் கொட்டும். வண்டி ஓடும்போது காற்றும் சேர்ந்து தண்ணீரை உள்ளே தள்ளும்.

ஓட்டையை அடைப்பது எது? ரோட்டுப் புழுதி, வேர்க்கடலைத் தோல், பூச்சரத்து நார், பஸ் டிக்கெட், மிட்டாய் பேப்பர். பாதிக்கு மேல் நாம் போட்டதுதான். ஆடிக் காற்றில் புழுதியும் சேர்ந்து இறுகிப் போகும். ஆவணி மழை வந்ததும் அது காட்டிக் கொடுக்கும்.

எங்கிருந்து தண்ணி வருதுன்னு கண்டுபிடிக்கணும்

இதுக்கு இரண்டு பேர் வேணும். ஒருவர் உள்ளே, ஒருவர் வெளியே. வண்டியைச் சமதரையில் நிறுத்துங்க.

1. முதலில் உள்பக்கம் ஈரம் துடைத்து, ஜன்னலுக்குக் கீழே பழைய செய்தித்தாளை ஒட்டி வையுங்க. முகப் பவுடர் லேசாகத் தூவினாலும் தண்ணீர் ஓடிய தடம் தெரியும். கோலமாவு வேண்டாம். அது சேனலில் விழுந்தால் மணல் மாதிரி உராயும்.

2. கண்ணாடியைத் திறந்து, சேனலில் ஒரு டம்ளர் தண்ணீரை மெதுவாக ஊற்றுங்க. உடனே வெளிப்பக்கம் ஒழுகினால் ஓட்டை நல்லா இருக்கு. தேங்கி நின்றால் அடைப்பு.

3. அடுத்து கண்ணாடியை மூடி, வெளியே இருந்து குவளையால் தண்ணீர் ஊற்றுங்க. சட்டத்தின் அடிப்பக்கம் முதலில், பிறகு இரண்டு பக்கம், கடைசியாக மேல்பக்கம். ஒவ்வொரு இடத்திலும் 5 நிமிஷம் பொறுத்திருங்க. மேலிருந்து ஆரம்பித்தால் எல்லா இடமும் நனைந்து, எது ஓட்டை என்றே தெரியாது.

4. ஜன்னலில் எங்குமே வரவில்லை என்றால் கூரையில் ஊற்றிப் பாருங்க. கேரியர் போல்ட் வழியாகவும், கூரைத் தகடு சேரும் இடத்திலும் இறங்கும் தண்ணீர் உள்ளேயே வழிந்து ஜன்னல் ஓரத்தில் வந்து சொட்டும். பழி ஜன்னல் மேல் விழும்.

சரி செய்வது எப்படி?

அடைப்பு என்றால் நாமே செய்யலாம். பழைய டூத் பிரஷும் சோப்புத் தண்ணீரும் வச்சு சேனலைத் தேயுங்க. துடைப்பத்து ஈர்க்கை ஓட்டைக்குள் விட்டு அழுக்கைத் தள்ளுங்க. இரும்புக் கம்பி வேண்டாம். கம்பி பெயின்டைச் சுரண்டும், அந்த இடத்தில் துரு பிடிக்கும். பிறகு மறுபடி ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றிப் பாருங்க. சர்ரென்று வெளியே போகணும்.

பீடிங் தேய்ந்திருந்தால் மாற்றணும். வண்டி ஓடும்போது கண்ணாடி கடகடவென்று ஆடினால் பீடிங் போச்சு என்று அர்த்தம். பழைய பீடிங்கில் ஒரு துண்டு வெட்டி எடுத்துப் போய், உதிரிபாகக் கடையில் மாதிரி காட்டி வாங்கணும். அகலம் கொஞ்சம் மாறினாலும் கண்ணாடி சிக்கும், இல்லாவிட்டால் ஆடும். மாருதி ஆம்னி வேன் தயாரிப்பு 2019-லேயே நின்று போனது. அந்த வண்டி வச்சிருப்பவர்கள் மாதிரித் துண்டு இல்லாமல் கடைக்குப் போக வேண்டாம்.

வெளி ரப்பர் வெயிலில் வெடித்திருந்தால் டிங்கர் கடைக்காரரிடம் விடுங்க. அவர் சிலிக்கான் போட்டால், டியூபின் மேல் 'நியூட்ரல்' என்று எழுதியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்க. வினிகர் மாதிரி புளிச்ச வாடை வரும் சிலிக்கான் இரும்புத் தகட்டை அரிக்கும். பழைய பசையைச் சுரண்டி எடுத்து, இடம் நன்றாகக் காய்ந்த பிறகுதான் புதுசு போடணும். போட்ட பிறகு ஒரு நாள் முழுக்க ஈரம் படக் கூடாது.

செய்யக் கூடாதவை

• "தண்ணி இங்கதான் வருது" என்று சேனல் ஓட்டையை சிலிக்கானாலோ எம்-சீலாலோ அடைக்காதீங்க. அதோடு வெளியே போகும் வழியும் போச்சு.

• கண்ணாடியை நிரந்தரமாக ஒட்டி மூடாதீங்க. வண்டி கவிழ்ந்தாலோ தீப்பிடித்தாலோ கதவு சிக்கிக்கொள்ளும் நேரத்தில் ஜன்னல்தான் உயிர் காக்கும் வழி.

• சேனலில் துணி திணிக்காதீங்க. விளக்குத் திரி எண்ணெயை இழுப்பது போல, துணி தண்ணீரை உள்ளே இழுத்துச் சொட்ட வைக்கும்.

• கண்ணாடி சுலபமாக நகரட்டும் என்று தேங்காய் எண்ணெய், கிரீஸ் தடவாதீங்க. ரப்பர் ஊதிக் கெடும், புழுதியும் ஒட்டும்.

மழையில் நடுவழியில் மாட்டிக்கிட்டால்?

ஜன்னலின் உள்பக்கம் பிளாஸ்டிக் ஷீட்டைத் தொங்கவிட்டு, அடி நுனியை ஒரு பாத்திரத்துக்குள் விடுங்க. தோல் கட்டைத் தரையில் வைக்காமல் பலகை மேலோ சீட் மேலோ ஏற்றி, பாலிதீனால் மூடுங்க. வீடு வந்ததும் முதல் வேலையாக பாலிதீனைப் பிரிக்கணும். நனைந்த பீஸைத் தனியே எடுத்து நிழலில், காற்றாட உலர்த்துங்க. வெயிலிலோ அடுப்புப் பக்கத்திலோ வைத்தால் தோல் விறைத்துச் சுருங்கும். வண்டிக்காரர்கள் மழை விட்டதும் தரை மேட்டைத் தூக்கிக் காய வைக்கணும்.

யாரிடம் சொல்வது, எப்போது சொல்வது?

வேன் நம்முடையது இல்லையே என்று விட வேண்டாம். சேனலைச் சுத்தம் செய்ய அரை மணி நேரம் போதும். டிரைவர் அண்ணனிடம் சொல்லிவிட்டு, வண்டி நிற்கும் நேரத்தில் அவரவர் சீட் ஜன்னலை அவரவர் பார்த்துக்கொள்ளலாம். பீடிங், ரப்பர் மாற்றுவது வண்டி முதலாளியின் செலவு. அதை ஒருத்தி தனியாகக் கேட்டால் "நீ வேற வண்டியில போ" என்பார்கள். அந்த வேனில் போகும் அத்தனை பேரும் சேர்ந்து, எந்த ஜன்னல், எந்த மூலை, அடைப்பா பீடிங்கா என்று சோதித்து எழுதிக் கொடுங்க. "வண்டி ஒழுகுது" என்று மட்டும் சொன்னால் தட்டிக் கழிக்கலாம். "இடது பக்கம் இரண்டாவது ஜன்னல், பீடிங் தேய்ந்திருக்கு" என்றால் தட்டிக் கழிக்க முடியாது. கம்பெனி ஏற்பாடு செய்த வேன் என்றால் அந்தத் தாளின் நகலைக் கம்பெனியிலும் கொடுங்க.

இதையெல்லாம் ஆடி முடிந்ததும் செய்யணும். 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் போனது நம் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். அந்த மாதிரி விடாத மழையில் சிலிக்கான் போட்டாலும் காயாது, மெக்கானிக்கும் கிடைக்க மாட்டார்.

ஆகவே சகோதரிகளே, அடுத்த குழுக் கூட்டத்தில் இதை ஒரு பொருளாக எடுத்துப் பேசுங்க. எந்தெந்த உறுப்பினர் எந்த வேனில் போகிறார், யார் வீட்டில் வேன் ஓடுகிறது என்று குறித்துக்கொள்ளுங்க. ஒவ்வொரு வேனுக்கும் இருவர் பொறுப்பு எடுத்து, ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றிப் பாருங்க. என்ன தெரிந்தது என்பதைத் தீர்மான நோட்டில் எழுதி, கூட்டமைப்புக் கூட்டத்துக்குக் கொண்டு வாங்க. கடலைத் தோலையும் பூ நாரையும் ஜன்னல் சேனலில் போடுவதை மட்டும் இன்றைக்கே நிறுத்திடுவோம்.