கொடி காட்டும் பொறியும் கொக்கி போடும் பொறியும்

தூண்டிலைப் பற்றிச் சமணன் ஒருவன் எழுதலாமா என்று இம்மலரைப் படிக்கும் அன்பர்களில் சிலராவது கேட்பார்கள். நியாயமான கேள்விதான். இல்லறத்தாருக்குரிய விரதங்களைச் சொல்லும் அருங்கலச்செப்பு போன்ற எங்கள் நூல்கள், பயனில்லாமல் பாவம் சேர்க்கும் செயல்களை வகைப்படுத்தி விலக்கியிருக்கின்றன. கொலைக்கருவிகளைப் பிறர் கையில் கொடுப்பது அவற்றுள் ஒன்று. பாவத் தொழிலுக்கு யோசனை சொல்லிக் கொடுப்பது இன்னொன்று. முன்னதற்கு அஞ்சியே, நாற்பது ஆண்டு இரும்புச் சாமான் வியாபாரத்தில் எலிப்பொறியும் தூண்டில் முள்ளும் என் கடையில் வைத்ததில்லை. பின்னதற்கும் அஞ்சித்தான் இதை எழுதுகிறேன். மீன் பிடிப்பது எப்படி என்று கற்றுக்கொடுப்பது என் நோக்கமல்ல. இரண்டு கருவிகள் எப்படி இயங்குகின்றன, மீனுக்கு அவை என்ன செய்கின்றன என்பதே இங்கே விஷயம்.

இது நமக்கு எதற்கு என்றால், நம் சங்கத்தில் பலருடைய பிள்ளைகள் அமெரிக்காவின் வட மாநிலங்களில் வேலையில் இருக்கிறார்கள். ஜனவரி வந்தால் போதும், உறைந்த ஏரியின் நடுவே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் படம் ஒன்று வந்துவிடும். "தண்ணி மேலே எப்படிங்க உட்கார்றான்? பக்கத்துல அந்த ஆரஞ்சுக் கொடி எதுக்கு?" என்று பொங்கல் விழாவில் என்னைக் கேட்டவர்கள் உண்டு. என் மகள் குடும்பம் மினியாபோலிஸ் நகரில் இருக்கிறது. 2016 ஜனவரியில் அங்கே போயிருந்தபோது, மருமகனின் அலுவலக நண்பர்களோடு ஒரு நாள் முழுக்க ஏரி மேல் நின்று பார்த்தேன். நரம்பை நான் தொடவில்லை. ஆனால் கருவிகளைக் கழற்றிப் பார்க்க அனுமதி கேட்டு வாங்கிக்கொண்டேன். ஸ்பிரிங்கைக் கண்டால் என் கை சும்மா இராது.

முதலில் ஏரி. பெரும்பாலான பொருள்கள் குளிரக் குளிரச் சுருங்கிக் கனத்துக்கொண்டே போகும். தண்ணீரோ 4 டிகிரி செல்சியஸ் வரை அப்படிக் கனத்து, அதற்குக் கீழே குளிர்ந்தால் மறுபடி இலேசாகிவிடும். ஆகையால் 4 டிகிரித் தண்ணீர் அடியில் தங்க, அதைவிடக் குளிர்ந்தது மேலே வந்து உறைகிறது. பனிக்கட்டி தண்ணீரைவிட இலேசானது என்பதால் மேலேயே மிதந்து, கம்பளிப் போர்வை போல ஏரியை மூடிக்கொள்கிறது. மேலே காற்று உறைநிலைக்கு 20 டிகிரி கீழே போனாலும் அடியில் மீன்கள் உயிரோடு இருப்பது இதனால்தான். ஆனால் குளிரில் அவற்றின் உடல் இயக்கம் மந்தமாகிவிடும். இரையைக் கோடையில் போலப் பாய்ந்து கவ்வாமல், பல மீன்கள் மெல்ல உறிஞ்சிப் பார்க்கும். பிடிக்கவில்லை என்றால் கண் மூடித் திறப்பதற்குள் துப்பிவிடும்.

அந்தப் பனிக்கட்டியில் துரப்பணத்தால் எட்டு அங்குலம், பத்து அங்குல அகலத்துக்குத் துளை போட்டு நரம்பை இறக்குகிறார்கள். ஒருவருக்கு எத்தனை நரம்பு என்பது மாநிலத்துக்கு மாநிலம் வேறு. மினசோட்டாவில் குளிர்காலத்தில் 2, விஸ்கான்சினில் 3. இரண்டு கையையும் கையுறைக்குள் வைத்துக்கொண்டு, அந்தக் குளிரில், தள்ளித் தள்ளி இருக்கும் துளைகளை ஒரே ஆள் எப்படிக் காவல் காப்பது? இந்த ஒரு சங்கடத்துக்கு இரண்டு விதமான விடை கண்டிருக்கிறார்கள்.

முதல் விடை, டிப்-அப். பழைய மாதிரி வெறும் மரச்சட்டம்தான். துளையின் குறுக்கே சட்டம் கிடக்கும். அதிலிருந்து ஒரு தண்டு தண்ணீருக்குள் இறங்கும். நரம்பு சுற்றிய ராட்டை அந்தத் தண்டின் அடியில், தண்ணீருக்குள்ளேயே இருக்கும். இதில்தான் கெட்டிக்காரத்தனம் இருக்கிறது. ராட்டை வெளியில் இருந்தால் உறைந்து இறுகிவிடும். உள்ளே இருந்தால் உறையாது. தண்டின் மேல்முனையில் ஒரு சிறு குறுக்குக் கம்பி. மெல்லிய எஃகுப் பட்டையில் கட்டிய கொடியை வளைத்து அந்தக் கம்பிக்கு அடியில் மாட்டி வைத்துவிடுவார்கள். மீன் இரையைக் கவ்வி நகர்ந்தால் ராட்டை சுழலும், கம்பி திரும்பும், கொடி விடுபட்டு விர்ரென்று நிமிரும். அவ்வளவுதான். அதற்கு மேல் அந்தக் கருவி ஒன்றும் செய்யாது. மீனைத் தடுக்காது, முள்ளை ஏற்றாது. மனிதன்தான் ஓடி வந்து, நரம்பைக் கையில் எடுத்து, கனத்தை உணர்ந்து, வெடுக்கென்று இழுத்து முள்ளை ஏற்ற வேண்டும். துளையையே மூடிக்கொள்ளும் வட்டத் தட்டு மாதிரியும் இப்போது வருகிறது. பனி உள்ளே விழாமல், துளை சீக்கிரம் உறையாமல் அது காக்கிறது.

இரண்டாவது விடை, தானாகவே முள் ஏற்றும் தாங்கி. ஜா ஜாக்கர் என்ற பெயரில் விற்பது இதில் பிரபலம். பெயரைக் கேட்டுப் பெரிய இயந்திரம் என்று நினைத்துவிட வேண்டாம். உள்ளே மோட்டாரும் இல்லை, பாட்டரியும் இல்லை. குட்டையான சாதாரணத் தூண்டில் கோலை அதில் செருகி, கோலின் நுனியை வில் போலக் கீழே வளைத்து, ஒரு சின்ன விசைக்கொக்கியில் மாட்டி நிறுத்துகிறார்கள். அடியில் மீன் இரையைத் தொட்டு நரம்பை அசைத்தால் கொக்கி நழுவும், கோல் படாரென்று நிமிரும், முள் ஏறிவிடும். எந்த அளவு அசைந்தால் நழுவ வேண்டும் என்பதைக் கூட்டிக் குறைக்கலாம். தனி ஸ்பிரிங்கே இல்லாமல் கோலையே ஸ்பிரிங்காக்கிய யோசனையை வியாபாரி என்ற முறையில் மெச்சாமல் இருக்க முடியவில்லை. ஸ்பிரிங்கால் மீனை மாட்டும் ஆசை ஒன்றும் புதிதல்ல. 1840களிலேயே அமெரிக்காவில் ஸ்பிரிங் வைத்த தூண்டில் முள்ளுக்குக் காப்புரிமை வாங்கியிருக்கிறார்கள்.

இங்கே நம் தமிழில் ஒரு சொல் நினைவுக்கு வருகிறது. பொறி என்றால் இயந்திரம். பொறி என்றால் எலியைப் பிடிப்பதும்தான். ஐம்பொறி என்கிறபோது கண், காது முதலிய புலன் உறுப்பு. டிப்-அப் என்பது புலன் என்ற பொருளில் பொறி. மீன் வந்த சேதியை அறிந்து சொல்வதோடு அதன் வேலை தீர்ந்தது. மற்றது எலிப்பொறி என்கிற பொருளில் பொறி. வேடிக்கை என்னவென்றால் அமெரிக்காவின் கிழக்கோரத்து மெய்ன் மாநிலத்தில் டிப்-அப்பையே 'டிராப்' என்றுதான் சொல்கிறார்கள். அங்கேயும் சொல் இரண்டுக்கும் பொதுவாகிவிட்டது!

சரி, எது மேல்? பிடிப்பவன் கணக்குப்படி பார்த்தால் விடை எளிது. கடுங்குளிருக்கு டிப்-அப்பே உகந்தது. தானியங்கியில் கோலும் ராட்டையும் வெளியில் இருப்பதால் நரம்பு துளையின் வாயில் உறைந்து பிடித்துக்கொள்கிறது, அடிக்கடி பனிச்சிதறலை அள்ளிப் போட வேண்டியிருக்கிறது. பலத்த காற்று அடித்தால் மீன் வராமலே கொக்கி நழுவுவதும் உண்டு. ஆனால் பெர்ச் போன்ற சிறிய மீன்கள் மெல்ல உறிஞ்சித் துப்பும்போது டிப்-அப்பின் கொடி எழுவதற்குள் கதை முடிந்துவிடும், தானியங்கி விடாது. விலையில் டிப்-அப் மலிவு.

மீனின் கணக்குப்படி பார்த்தால்தான் விஷயம் சிக்கலாகிறது. நான் அங்கே நின்றது அதற்காகத்தான்.

நார்தர்ன் பைக் என்று ஒரு மீன். வாத்தின் அலகு போன்ற தட்டையான மூக்கு, வாய் நிறையக் கூரிய பற்கள். அது பெரிய இரையை எடுத்த எடுப்பில் விழுங்காது. குறுக்காகக் கவ்விக்கொண்டு கொஞ்சதூரம் போகும், நிற்கும், பிறகு இரையைத் திருப்பித் தலைப்பக்கமாக உள்ளே தள்ளும். கொடி எழுந்ததும் ஆள் வந்துவிட்டால் முள் உதட்டிலோ தாடையிலோ ஏறும். ஆள் தாமதித்தால் முள் தொண்டைக்குள் இறங்கிவிடும். செவுளும் இதயமும் அங்கே பக்கத்திலேயே இருக்கின்றன. அன்றைக்கு அந்த நண்பர்கள் கூடாரத்துக்குள் சூடாகக் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது ஒரு கொடி எழுந்தது. யாரும் பார்க்கவில்லை. போய் இழுத்தபோது வந்த மீனின் வாயில் முள்ளைக் காணோம். நரம்பு மட்டும் உள்ளே போய்க்கொண்டிருந்தது. அளவில் சிறியது என்று அதைத் திருப்பி விட்டார்கள். செவுளிலிருந்து ரத்தம் வந்ததை நான் பார்த்தேன். அது பிழைத்திருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. சூதாட்டத்தில் கிடைக்கும் வெற்றியைத் திருவள்ளுவர் தூண்டில் இரும்பை மீன் விழுங்கியதற்கு ஒப்பிடுகிறார். கவ்வியது என்று சொல்லாமல் விழுங்கியது என்று அவர் சொன்னதன் கனம் அங்கே நின்றபோதுதான் எனக்கு உறைத்தது.

அதே பிற்பகலில் தானியங்கியில் மாட்டிய ஐந்தாறு பெர்ச் மீன்களையும் பார்த்தேன். எல்லாவற்றுக்கும் முள் உதட்டு ஓரத்தில். கழற்றி விட்டவை வாலை அடித்துக்கொண்டு துளைக்குள் போய்விட்டன. பார்வைக்குக் கொடுமையாகத் தோன்றும் பொறி மீனுக்குக் குறைவான காயம் செய்கிறது. சாதுவாகத் தோன்றும் கொடி அதிகக் காயத்துக்கு வழி வைக்கிறது. காரணம் நேரம். மீன் கவ்வுவதற்கும் முள் ஏறுவதற்கும் இடையில் ஒரு தாமதம் இருக்கிறது. அதைத் தானியங்கி அறவே ஒழித்துவிடுகிறது.

ஆனால் இன்னொரு தாமதமும் இருக்கிறது. முள் ஏறியதற்கும் மனிதன் கை அங்கே வந்து சேர்வதற்கும் இடைப்பட்ட நேரம். டிப்-அப்பில் முள்ளை ஏற்றுவதே மனிதன் என்பதால் பெரும்பாலும் இந்தத் தாமதம் இல்லை. தானியங்கியிலோ, 'அதுவே பார்த்துக்கொள்ளும்' என்ற தைரியத்தில் ஆள் நகர்ந்துவிடுகிறான். முள் குத்திய மீன் அடியில் இழுத்துக்கொண்டு கிடக்கும். டிப்-அப் போட்டவர் 200 அடிக்குள் இருக்க வேண்டும் என்று மினசோட்டாவில் விதி வைத்திருக்கிறார்கள், நல்ல விதி. தானாக முள் ஏற்றும் கருவிக்கு எல்லா மாநிலத்திலும் ஒரே சட்டம் கிடையாது. அந்தந்த மாநிலம் ஆண்டுதோறும் வெளியிடும் விதிப்புத்தகத்தைப் பார்த்த பிறகே வாங்க வேண்டும்.

பொறியே செய்தது, நான் செய்யவில்லை என்று அங்கே ஓர் இளைஞர் சிரித்துக்கொண்டு சொன்னார். எங்கள் மரபில் அந்தக் கதவைச் சாத்தி வைத்திருக்கிறார்கள். தான் செய்வது, பிறரைக் கொண்டு செய்விப்பது, செய்வதற்கு உடன்படுவது மூன்றும் வினைதான். கோலை வளைத்து மாட்டியவன் யார்? ஆகவே வினையின் பங்கில் இரண்டு கருவிக்கும் வித்தியாசம் காண எனக்கு இடமில்லை. மீன் படும் வேதனையில் வித்தியாசம் உண்டு, அது பிடிப்பவன் எவ்வளவு தூரத்தில் இருக்கிறான் என்பதைப் பொறுத்தது. என் பக்கத்து முடிவு, சிறிய மீனுக்குத் தானியங்கி. பெரிய பைக்குக்குக் கொடி, ஆனால் பத்தடியில் ஆள். கூடாரத்துக்குள் சீட்டாட உட்காருகிறவன் இரண்டையும் எடுத்து வைத்துவிட வேண்டும்.

முள்ளைப் பற்றியும் ஒரு வார்த்தை. முனை உள்பக்கம் வளைந்த வட்ட முள் என்று ஒன்று உண்டு. மீன் இரையோடு விலகிப் போகும்போது அது தானாகவே வாயின் ஓரத்தில் மாட்டும், தொண்டையில் அதிகம் மாட்டாது. அதை வெடுக்கென்று இழுத்தால் கழன்று வந்துவிடும், மெல்லத்தான் இழுக்க வேண்டும். ஆகையால் டிப்-அப்புக்கு அது பொருந்தும், படாரென்று நிமிரும் தானியங்கிக்குப் பொருந்தாது. கடைக்காரர் இதைச் சொல்லாமல் இரண்டையும் சேர்த்துக் கட்டிக் கொடுத்துவிடுவார். வியாபாரிகளை எனக்குத் தெரியும். முள்ளை மீன் விழுங்கிவிட்டிருந்தால் பிடுங்க வேண்டாம், நரம்பை வாயருகே வெட்டிவிட்டு விடுங்கள் என்பதே அங்குள்ள விவரமறிந்தவர்கள் சொல்வது.

உங்கள் பிள்ளைகள் நண்பர்களோடு போகிறார்கள் என்றால் இதைப் படித்துக் காட்டுங்கள். வேடிக்கை பார்க்க மட்டும் போனாலும் சரி, நடப்பதற்குக் குறைந்தது 4 அங்குலப் புதிய, தெளிந்த பனிக்கட்டி வேண்டும் என்பது மினசோட்டா அரசு சொல்லும் அளவு. நரம்பைத் தொடுவதென்றால் உரிமச் சீட்டு எடுக்க வேண்டும். காலணிக்கு அடியில் மாட்டும் இரும்பு முள் வார் ஒரு ஜோடி வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். கொடி எழுந்தால் ஓட வேண்டியிருக்கும்.