கேட்கப்படாதவரின் விருப்பம்

கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ முதிய தகப்பனொருவருக்குப் புற்றுநோய் முற்றிவிட்டதென்று தெரியவரும் நாளில், மூத்த மகன் வைத்தியரை விறாந்தைக்கு அழைத்துச் சென்று, "ஐயாவுக்குச் சொல்லிப்போடாதேங்கோ, டொக்டர், மனுசன் இடிஞ்சு போயிடும்" என்று கெஞ்சுவதும், அக்கணம் முதல் அம்மனிதருடைய சரீரத்தைப் பற்றிய தீர்மானங்கள் யாவும் அவரை விலக்கியே நடைபெறுவதும் நம்மிடையே சாதாரணம். அன்பினாலேயே இது செய்யப்படுகிறதென்பதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும் காணியை யார் பேரில் எழுதுவது, இளைய மகளின் கலியாணத்தை விரைவில் நடத்துவதா, இன்னுமொரு முறை மகரகமப் புற்றுநோய் வைத்தியசாலைக்குப் போவதா, அன்றித் துண்டு வெட்டிக்கொண்டு வீட்டுக்கே திரும்புவதா என்பவற்றை நிச்சயிக்க வேண்டியவர் அவரல்லவா? பெரும்பாலும் அவர் உண்மையை ஊகித்தே இருக்கிறார்; பிள்ளைகளுக்காக அறியாதவர்போல் இருக்கும் பாரமும் அவர் தலையிலேயே ஏறுகிறது.

நோயாளியே தம் முடிவை நிச்சயிப்பதைச் சில நாடுகள் சட்டத்திலேயே ஏற்றிருக்கின்றன. அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில், ஆறு மாதத்துக்குள் இறந்துவிடுவாரென வைத்தியர்கள் கருதும் நோயாளி, தம் வாழ்வை முடித்துக்கொள்வதற்கான மருந்தைச் சட்டப்படி கோரும் உரிமை 1997ஆம் ஆண்டு முதல் நடைமுறையில் உள்ளது. அவ்வாறு கோரியவர்கள் கூறிய காரணங்களில் உடல்நோவு முதலிடம் பெறவில்லை. சுயாதீனத்தை இழப்பதும், வாழ்வுக்குச் சுவை தந்த காரியங்களைச் செய்ய இயலாமையுமே முன்நிற்கின்றன. இந்திய உச்ச நீதிமன்றம் 2018 மார்ச் 9ஆம் தேதி, கௌரவமாக மரிப்பதும் ஜீவிக்கும் உரிமையின் அம்சமேயென்று கூறி, மீளும் நம்பிக்கையற்ற நிலையில் உயிர்தாங்கும் சிகிச்சை வேண்டாமென்று ஒருவர் முன்கூட்டியே எழுதிவைக்கலாமென அனுமதித்தது. 2023இல் அதற்கான நடைமுறையையும் இலகுவாக்கியது. இலங்கையிலோ, 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை தற்கொலைக்கு உடந்தையாவதை இன்றும் குற்றமெனவே கொள்ளுகிறது.

ஆனால் வன்னியில், சாவைத் தெரிவுசெய்யும் உரிமை பற்றிய இவ்விவாதத்துக்கு முன்னரே தீரவேண்டிய காரியமொன்று உண்டு. நோவினால் இராமுழுதும் கத்துகிற ஒருவர், "என்னைச் சாகவிடுங்கோ" என்று சொல்லும்போது, அதைச் சுயேச்சையான தீர்மானமென்று ஏற்க என் மனம் ஒப்பவில்லை. நோவு தணிந்தபின்னும் அவர் அதையே சொல்கிறாரா என்று முதலில் அறியவேண்டும். நோவைத் தணிக்கும் ஔஷதமோ அரிதானதன்று. வாயால் உட்கொள்ளும் மோர்பினை, வைத்தியரின் மேற்பார்வையில், நோவு மீளுமுன்பே நான்கு மணிக்கொருமுறை கொடுத்து, தேவைக்கேற்ப அளவைச் சிறிது சிறிதாகக் கூட்டி, அதனால் வரும் மலச்சிக்கலுக்கும் கூடவே மருந்தளித்தால், பெரும்பாலான புற்றுநோயாளரின் வேதனை அடங்கும். அது சாவைத் துரிதப்படுத்தும் என்ற அச்சம் நம் வீடுகளில் ஆழ வேரூன்றியிருக்கிறது. முறையான அளவில் கொடுக்கும்போது அவ்வச்சத்துக்கு ஆதாரமில்லை. முல்லைத்தீவிலிருந்து தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலை நூறு கிலோமீற்றருக்கு அப்பாலுள்ளது; நிமிர்ந்திருக்க முடியாத ஒருவரை அவ்வளவு தூரம் கொண்டுபோவதற்கு ஒரு பிள்ளை கூலிவேலையை விடவேண்டும், வாகனத்துக்குக் கடன்படவேண்டும். கேரளத்தின் கோழிக்கோட்டில் 1993இல் தொடங்கிய இயக்கம், அயலவர்களையே பயிற்றுவித்து நோயாளியின் வீடுதேடி அனுப்பி, இத்தகைய இடரைப் பெரிதும் குறைத்தது. கிராமங்களில் மாதர் சங்கங்கள் இருக்கிற வன்னியில் அதைச் செய்யவொண்ணாதென்று நான் நம்பவில்லை.

1967இல் லண்டனில் சென் கிறிஸ்தோபர் பராமரிப்பில்லத்தை நிறுவிய சிசிலி சோண்டர்ஸ் அம்மையார், மரிப்பவரின் வேதனை உடல், உள்ளம், உறவு, ஆத்மா ஆகிய நான்கிலும் பின்னிக்கிடக்கும் ஒரே வேதனையென்று கண்டார். இதை நாம் நூலில் படித்துத்தான் அறியவேண்டுமென்பதில்லை. 2009இல், இறுதிப்போரின்போது, புதுமாத்தளனிலும் முள்ளிவாய்க்காலிலும் மருந்தும் இரத்தமும் போதாமல் இயங்கிய தற்காலிக வைத்தியசாலைகளிலிருந்து மீண்டவர்கள், மரித்தோரை அடக்கஞ்செய்யவும் அவகாசமின்றி ஓடியவர்கள், இப்போது முதுமையடைந்து நம் வாட்டுகளில் படுத்திருக்கிறார்கள். காணாமலாக்கப்பட்ட பிள்ளைகளைத் தேடி 2017 பெப்ரவரி 20ஆம் தேதி கிளிநொச்சியில் தொடர்போராட்டத்தைத் தொடங்கிய தாய்மாரிற் பலர் விடை கிடையாமலே மரித்துவிட்டனர். எஞ்சியிருப்பவர்களுடைய துக்கத்துக்கு மோர்பின் மருந்தாகாது; "மனசில என்னம்மா கிடக்கு?" என்று கேட்டு, அவசரப்படாமல் பக்கத்தில் இருக்கிற தாதியொருவரின் அரைமணி நேரம் ஓரளவு ஆகும்.

இத்தாய்மாரிற் பலர் மகனுக்கு மரணச் சான்றிதழ் பெற மறுத்தவர்கள். அந்தியேட்டி செய்யவும் சம்மதியாதவர்கள். சாகுமுன்னராவது மனத்தைத் தேற்றிக்கொள்ளட்டும் என்று உறவினர் அவர்களை வற்புறுத்துவதை நான் ஒப்பேன். அம்மறுப்பு அவர்களுக்கு எஞ்சியுள்ள சுயாதீனத்தின் பெரும்பங்கு. முறைப்பாட்டுக் கடிதங்களும் பழைய புகைப்படங்களும் அடங்கிய அந்தக் கோப்பு இனி யாரிடம் இருக்கவேண்டும், காணாமற்போனோர் அலுவலகம் அடுத்த முறை அழைத்தால் அவர்களுக்குப் பதிலாக யார் போகவேண்டும் என்பவற்றை, பேச்சு நிற்பதற்கு முன்னரே அவர்களிடம் கேட்டு எழுதிக்கொள்வதும், வலிக்கு மருந்து கொடுப்பதைப்போலவே, இறுதிக்காலப் பராமரிப்பில் அடங்கவேண்டும்.