புங்க இலையின் முண்டுகள்

புதுச்சேரி வீதிகளில் நிழல் பரப்பி நிற்கும் புங்க மரங்களின் இலைகளில், விரல்நுனிபோல் எழும்பிய பசிய முண்டுகளைக் கண்டு, மரத்துக்கு ஏதோ கொடிய வியாதி வந்துவிட்டதென அஞ்சிக் கோடரியைத் தேடுவோர் உண்டு. அம்முண்டுகளில் ஒன்றை நகத்தால் கீறி, வலிய பூதக்கண்ணாடியின் கீழ் வைத்து நோக்குவார்களாயின், கால் மில்லிமீட்டர் நீளமும் எட்டாத, நான்கே கால்கள் படைத்த சிலந்திப்பேன்கள் அதனுள் நெளிந்துகொண்டிருக்கக் காண்பார்கள். தென்னங்குரும்பையைச் சொறிபிடிக்கச் செய்யும் பேனுக்கு இவை நெருங்கிய உறவு.

வியப்புக்குரியது யாதெனில், இந்த வீட்டைக் கட்டுவது பேன் அன்று, மரமே. தளிர்ப் பருவத்தில் பேன் சாற்றை உறிஞ்ச, அவ்விடத்து உயிரணுக்கள் தம் இயல்பான கிரமத்தை விட்டுப் பெருகி, வந்த பிராணிக்கு அறையும் ஆகாரமும் சமைத்துக் கொடுக்கின்றன. முற்றிய இலையில் இந்த வித்தை பலிப்பதில்லை. இதனால் புங்கு பட்டுப்போவதில்லையாதலின், அதை வெட்டுவது அநியாயம்.

எல்லா மரங்களுக்கும் இந்தப் பாக்கியம் இல்லை. மணப்பந்தலில் நடப்பெறும் கல்யாண முருங்கையை, ஒன்றரை மில்லிமீட்டர் அளவேயான ஒரு குளவி தாக்கி, தளிரும் காம்பும் வீங்கி முறுக்கேறி, இலையெல்லாம் உதிர்ந்து மரமே மடியும்படி செய்தது. சிங்கப்பூர், மொரீஷியஸ், ரியூனியன் ஆகிய இடங்களிற் கிடைத்த மாதிரிகளைக் கொண்டு 2004-ல் விஞ்ஞானிகள் அதற்குப் பெயரிட்டார்கள்; சில ஆண்டுகளுக்குள் அது தென்னாட்டுக்கும் வந்தது. 1826-ல் தோன்றிய புதுவைத் தாவரவியல் பூங்காவைப் பிற்காலத்தில் பேணிய பெரோத்தே, அதற்கு முன்னர் ஆசியச் செடிகளைக் கப்பலேற்றி அதே ரியூனியனுக்குக் கொண்டுசென்றவர் என்பதை நினைக்கும்போது, செடியோடு அதன் சத்துருவும் கடல் கடக்கும் என்ற எச்சரிக்கை மனத்தில் உறைக்கிறது. ஹவாய்த் தீவினர் அந்தக் குளவிக்குப் பகையான மற்றொரு குளவியை ஆப்பிரிக்காவிலிருந்து தேடிக் கொணர்ந்து, 2008-ல் விடுவித்துத் தம் மரங்களைக் காத்தனர்.

குழந்தைக்கு உரைமருந்தாக இழைக்கும் மாசிக்காயும், மேற்காசியக் கருவாலி மரக்கிளையில் குளவிப் புழுவுக்காக எழுந்த வீக்கமே. துளையுள்ளது குளவி பறந்துபோனது; துளையில்லாததிலேயே துவர்ப்புச்சத்து மிகுதி.

பூச்சியின் சம்பந்தமே இன்றி, தண்டின் வளர்நுனி புள்ளியாக நில்லாது கோடாக அகன்றுவிடுவதும் உண்டு. பிற செடிகளில் எப்போதேனும் நேரும் இவ்விகாரம், பெரிய மார்க்கெட்டில் மாலைக்கென விற்கும் கோழிக்கொண்டையில் பரம்பரையாகவே அமைந்துவிட்டது. கொண்டையின் அடிப்பாகத்திலுள்ள பளபளப்பான கறுப்பு விதைகளைச் சேர்த்து விதைப்போர்க்கு, அடுத்த பருவத்திலும் அதே அகன்ற கொண்டை பூக்கும்.