காலம் கடக்கும் சலங்கை – 6: திருவந்திபுரத்து ஐவர்

போன வாரம் உங்களை 14-ஆம் லூயி மன்னரின் சபையில் விட்டுவிட்டு வந்தேன். 1653-இல் விடிய விடிய நடந்த 'இரவின் பாலே'யில் பதினான்கு வயது மன்னரே சூரியனாக ஆடினார். 1661-இல் நடனத்துக்கென்று ஒரு கழகத்தையும் நிறுவினார். அவருடைய நடன ஆசிரியர் பியேர் போஷாம் பாதங்களின் ஐந்து நிலைகளை வகுத்தார். இன்றும் உலகில் எந்த மூலையில் ஒரு குழந்தை பாலே கற்கத் தொடங்கினாலும் முதல் பாடம் அந்த ஐந்துதான்.

இந்த வாரப் பயணத்துக்கு அவ்வளவு தூரம் போகவேண்டாம். நெய்வேலி ஆர்ச் கேட்டில் கடலூர் பஸ் ஏறினால் போதும். கடலூரிலிருந்து மேற்கே சில கிலோமீட்டரில் கெடிலம் ஆற்றங்கரையில் திருவந்திபுரம். தேவநாதப் பெருமாள் கோயில் கொண்டிருக்கும் ஊர். பாலே வரலாற்றின் ஒரு பக்கம் இங்கே தொடங்குகிறது என்று தெரிந்த நாளில் எனக்குத் தூக்கம் வரவில்லை.

நெய்வேலி என்ற நிலக்கரி நகரத்துக்காரனுக்கு பாலே எப்படிப் பழக்கம் என்று சில வாசகர்கள் கேட்டிருக்கிறார்கள். எங்கள் ஊரின் முதல் அனல்மின் நிலையம் சோவியத் உதவியுடன் எழுந்தது. சிறுவயதில் வீட்டுக்கு வரும் 'சோவியத் நாடு' இதழில் ஒருநாள் ஒரு நடனப் பெண்ணின் படம் பார்த்தேன். கால் விரல் நுனியில் நின்றிருந்தாள். மண்ணை விட்டுப் பறக்கப் போகிறவள்போல இருந்தாள். அன்று பிடித்த பித்து இன்னும் விடவில்லை.

இப்போது 1830-க்கு வாருங்கள். பாரிஸ் ஓபெராவில் 'தெய்வமும் பயாதேரும்' என்ற புதிய படைப்பு அரங்கேறுகிறது. இசை டானியேல் ஓபேர். நாயகி ஸோலோயே ஓர் இந்திய நாட்டியப் பெண். அவளாக ஆடியவர் மாரி தாக்லியோனி. 'பயாதேர்' என்பது போர்த்துக்கீசியர் நம் கோயில் நாட்டியப் பெண்களுக்கு வைத்த பெயரின் பிரெஞ்சு வடிவம். ஆடுவதைக் குறிக்கும் பழைய லத்தீன் சொல் ஒன்றிலிருந்துதான் அது பிறந்தது. 'பாலே' என்ற சொல்லும் அதே வேரிலிருந்து கிளைத்ததுதான். இரண்டும் உடன்பிறந்த சொற்கள். ஆனால் அந்த மேடையை உருவாக்கியவர்களுக்கு நிஜமான கோயில் நாட்டியம் காணக் கிடைத்ததில்லை. கதைகளிலும் பயண நூல்களிலும் படித்ததை வைத்துக் கற்பனையில் ஒரு பெண்ணை வளர்த்துக்கொண்டார்கள்.

எட்டு ஆண்டுகள் கழித்து நிஜமான பெண்களே கப்பலேறி வந்தார்கள்.

தார்திவெல் என்ற பிரெஞ்சுக்காரர் புதுச்சேரியில் ஒப்பந்தம் போட்டு, திருவந்திபுரத்துத் தேவதாசிகள் ஐவரையும் இசைக்காரர்கள் மூவரையும் அழைத்துச் சென்றார். திலம்மாளுக்கு வயது சுமார் 30. அம்மணிக்கு 18. ரங்கம், சுந்தரம் இருவரும் பதின்ம வயதின் தொடக்கத்தில். கடைக்குட்டி வேதத்துக்கு ஆறு வயது. தாளம் பிடிக்க ராமலிங்கம். உடன் வந்த இன்னொரு இசைக்காரரின் பெயர் தேவநாயகம், ஊர்ப் பெருமாளின் இன்னொரு பெயர். ஆறு வயதுக் குழந்தை அத்தனை கடலைக் கடந்ததை நினைக்கும்போதெல்லாம் என் மனம் அந்தக் கப்பலின் மேல்தளத்தில் போய் நின்றுவிடுகிறது.

1838 ஆகஸ்ட். பாரிஸின் வரியேத்தே அரங்கம். நானும் ஓரமாக ஓர் இருக்கையில் இருக்கிறேன். ரசிகர்கள் தாக்லியோனியைக் கண்டு பழகியவர்கள். வெள்ளை மெல்லாடை, சாட்டின் காலணி, ஓசையில்லாத பாதம், இதுதான் அவர்களுக்கு நடனம். திரை விலகியதும் வெறுங்கால்கள் தரையைத் தட்டுகின்றன. சலங்கை ஒலிக்கிறது. ராமலிங்கத்தின் தாளம் பாதத்தை முந்தாமலும் பிந்தாமலும் கூடவே போகிறது. ஒரு நடனத்தில் ஆடிக்கொண்டே மஸ்லின் துணியை முறுக்கி மடித்துப் பனைமரமும் புறாவும் ஆக்குகிறார்கள். தாளம் ஒரு கணமும் பிசகவில்லை.

என் கண் அவர்களின் முழங்கால்களில் நிற்கிறது. அரைமண்டியில் முழங்கால்கள் பக்கவாட்டில் விரிகின்றன. போஷாம் வகுத்த நிலைகளிலும் கால்கள் இடுப்பிலிருந்து வெளிப்புறமாகத் திரும்புகின்றன. இரண்டு கலைகளும் உடலை ஒரே விதமாகத் திறக்கின்றன. திறந்த பிறகு பாலே மேலே எழும்புகிறது. நம் தேவதாசிகளின் சதிர் ஆட்டம் கீழே அமர்ந்து மண்ணோடு பேசுகிறது. ஒன்று உயர்வு, மற்றது தாழ்வு என்று யாராவது சொன்னால் நான் ஒப்பமாட்டேன். பூமியைத் தொட்டு வணங்கிவிட்டு ஆடுகிறவள் பூமியை விட்டு ஏன் பறக்கவேண்டும்?

கவிஞரும் விமர்சகருமான தியோஃபில் கோத்தியே இவர்களை நேரில் கண்டு நெகிழ்ந்து எழுதினார். அம்மணியிடம் அவர் மனம் பறிகொடுத்தார். தாக்லியோனியைச் சிலையாக வடித்த சிற்பி ழான் ஓகுஸ்த் பார், அம்மணியையும் வெண்கலத்தில் வடித்தார். அக்டோபரில் குழு லண்டன் அடெல்பி அரங்கில் ஆடியது.

மூன்றாண்டுகள் போயின. 1841-இல் 'ஜிஸெல்' அரங்கேறியது. இன்றும் உலகம் கொண்டாடும் அந்த பாலேயின் கதையை எழுதியவர்களில் ஒருவர் இதே கோத்தியே. கல்யாணத்துக்கு முன்பே இறந்துபோன பெண்களின் ஆவிகள் நள்ளிரவில் ஆடும் இரண்டாம் அங்கத்தில், ஸூல்மே என்ற பயாதேர் இந்திய நடன நிலைகளோடு வருவதாகக் கதையேட்டில் எழுதப்பட்டது. அந்த வரியைப் படித்தபோது எனக்கு அம்மணிதான் கண்முன் வந்தாள். பாலே அவளைப் பார்த்தது. ஆனால் ஆவியாகவே எழுதிக்கொண்டது.

பாலேயை நேசிப்பவன் என்பதால்தான் இதைச் சொல்கிறேன். கனவில் வந்த ஸோலோயேயின் பெயர் ஓபெரா வரலாற்றில் பத்திரமாக இருக்கிறது. உழைத்து ஆடிய ஐவரின் பெயரைப் பிரெஞ்சுப் பத்திரிகைகள் ராம்கூன், சௌந்திரூன், வெய்தூன் என்றெல்லாம் திரித்து அச்சிட்டன. ஊர்க்காரர்களான நாமாவது ஒழுங்காகச் சொல்லவேண்டாமா?

சென்ற ஞாயிறு கெடிலம் பாலத்தில் நின்று வாய்விட்டுச் சொன்னேன்: திலம்மாள், அம்மணி, ரங்கம், சுந்தரம், வேதம். மாலையில் நெய்வேலி திரும்பி, எங்கள் வட்டத்துத் தெருவில் நடந்துகொண்டிருந்தேன். ஒரு வீட்டில் தட்டுக்கழி தாளம் கேட்டது. ஜன்னல் வழியே, ஆறேழு வயதுப் பெண் ஒருத்தி அரைமண்டியில் நின்று தட்டடவு பழகிக்கொண்டிருந்தாள். கால் வலித்திருக்கும். ஆனாலும் எழுந்திருக்கவில்லை. பாடம் முடியும்வரை அங்கேயே நின்றேன்.

(அடுத்த வாரம்: 1877, செயின்ட் பீட்டர்ஸ்பர்க். மாரியஸ் பெத்திபா 'லா பயாதேர்' படைக்கிறார்.)