குட்கா ஊழல் வழக்கும் காவல்துறைத் தலைமை மீதான விசாரணையும்

தமிழ்நாடு குட்கா ஊழல் வழக்கு என்பது, தடை செய்யப்பட்ட குட்கா விற்பனையைக் கண்டுகொள்ளாமல் இருக்க அமைச்சர்களும் காவல்துறை உயர் அதிகாரிகளும் பிற அலுவலர்களும் லஞ்சம் பெற்றதாக எழுந்த வழக்காகும். பதவியில் இருந்த காவல்துறைத் தலைமை இயக்குநரின் (டி.ஜி.பி.) வீட்டிலேயே மத்தியப் புலனாய்வுத் துறை (சி.பி.ஐ.) சோதனை நடத்தியதால் இவ்வழக்கு தனிக் கவனம் பெற்றது.

பின்னணி

தமிழ்நாட்டில் குட்கா 2013 மே மாதம் தடை செய்யப்பட்டது. 2016 ஜூலையில் சென்னையில் குட்கா தயாரிப்பாளர்களின் இடங்களில் வருமான வரித்துறை நடத்திய சோதனையில், லஞ்சம் கொடுத்ததாகக் கூறப்படும் குறிப்புகள் சிக்கின. இதுபற்றி மாநில அரசுக்கு அத்துறை தெரிவித்தது. 2017 ஜூனில் டி. கே. ராஜேந்திரன் இரண்டாண்டுப் பணி நீட்டிப்புடன் டி.ஜி.பி. ஆக நியமிக்கப்பட்டார். இதை எதிர்த்த வழக்கில், சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை நியமனத்தை ரத்து செய்ய மறுத்தது.

விசாரிப்பது யார்?

வாடிப்பட்டி போன்ற ஊரில் ஒரு காவல் ஆய்வாளர் லஞ்சம் கேட்டால், மதுரையில் உள்ள லஞ்ச ஒழிப்புத் துறையிடம் புகார் அளிக்கலாம். ரசாயனம் தடவிய பணத்தை அவர் வாங்கும்போது கையும் களவுமாகப் பிடிப்பார்கள். விசாரிப்பவர்களும் காவல்துறையினரே, ஆனால் அந்த ஆய்வாளரின் கீழ் பணிபுரிபவர்கள் அல்லர்.

புகார் டி.ஜி.பி. மீதே எழும்போது இந்த இடைவெளி மறைகிறது. லஞ்ச ஒழிப்புத் துறை மாநில அரசின் கீழ் இயங்குவது. அதன் அலுவலர்கள் நாளை டி.ஜி.பி.யின் கீழ் பணிக்குத் திரும்பக்கூடியவர்கள். சட்டமன்ற உறுப்பினர் ஜெ. அன்பழகன் தொடுத்த வழக்கில், 2018 ஏப்ரல் 26 அன்று உயர் நீதிமன்றம் விசாரணையை சி.பி.ஐ.க்கு மாற்றியது. பொதுவாக ஒரு மாநிலத்தில் சி.பி.ஐ. விசாரிக்க அம்மாநில அரசின் இசைவு தேவை. எனினும், நீதிமன்றம் ஆணையிட்டால் அந்த இசைவு தேவையில்லை என 2010-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. 2018 செப்டம்பர் 5 அன்று ராஜேந்திரன், அமைச்சர் சி. விஜயபாஸ்கர் உள்ளிட்டோர் வீடுகளில் சோதனை நடந்தது.

பதவிக்காலமும் வழக்குத் தொடர அனுமதியும்

பிரகாஷ் சிங் வழக்கில் 2006-இல் உச்ச நீதிமன்றம், டி.ஜி.பி.க்குக் குறைந்தது இரண்டாண்டுப் பதவிக்காலம் வேண்டும் என்றது. அரசியல் அழுத்தத்திலிருந்து அவரைக் காப்பதே இதன் நோக்கம். ஒழுங்கு நடவடிக்கை, நீதிமன்றத் தண்டனை போன்ற காரணங்களுக்காக அவரை இடையில் விடுவிக்கலாம். சோதனை மட்டுமே அத்தகைய காரணம் ஆகாது. ராஜேந்திரன் 2019 ஜூன் வரை பதவியில் தொடர்ந்தார்.

ஊழல் தடுப்புச் சட்டத்தின் 19-ஆம் பிரிவின்படி, அதிகாரி மீதான வழக்கை நீதிமன்றம் ஏற்க, அவரைப் பதவி நீக்கும் அதிகாரம் உடையவரின் முன் அனுமதி வேண்டும். 2018-ஆம் ஆண்டுத் திருத்தம் இப்பாதுகாப்பை ஓய்வு பெற்றவர்களுக்கும் நீட்டித்தது.

சோதனை நடந்ததாலேயே குற்றம் மெய்ப்பிக்கப்பட்டதாகாது. ஆனால், அதிகாரியை அழுத்தத்திலிருந்து காக்கும் விதிகளே அவர் மீதான விசாரணையையும் தாமதப்படுத்தக்கூடும் என்பதை இவ்வழக்கு காட்டுகிறது.