இல்லறத் தவறும் அரசுப் பதவியும்

வாழ்க்கைத் துணைக்கு உண்மையாக நடவாத ஒருவர் அமைச்சர் பதவி போன்ற உயர்ந்த பொறுப்பில் இருக்கலாமா? வீட்டை ஒழுங்காக நடத்தாதவர் நாட்டை எங்ஙனம் நடத்துவார் என்று வினவுவர் ஒரு சாரார். வீட்டு வாழ்க்கை வேறு, நாட்டுப் பணி வேறு என்பர் மற்றொரு சாரார். இரண்டும் கேட்பதற்கு நியாயமாகவே தோன்றுகின்றன. ஆயினும், ஆராயாமல் அவசரத்தில் விடை கூறினால் நாடு என்ன விலை கொடுக்க நேரும் என்பதைத் திருவனந்தபுரத்தின் அரசியல் வரலாறு நமக்குக் காட்டுகின்றது.

சாலைக் கடைத்தெருவிலும் கரமனையிலும் தலைமுறைகளாக வாழ்ந்துவரும் தமிழர்களுள் முதியோர் சிலருக்கு அந்நிகழ்ச்சி நினைவிருக்கலாம். ஏனையோர்க்காகச் சுருக்கமாகக் கூறுவோம்.

1962 செப்டம்பரில் கேரளத்தின் முதலமைச்சராகப் பொறுப்பேற்றவர் ஆர். சங்கர். அவருடைய அமைச்சரவையில் உள்துறையை ஏற்றிருந்தவர் பி. டி. சாக்கோ. இவர் அரசியல் நிர்ணய சபையில் அங்கம் வகித்தவர். 1957 முதல் 1959 வரை கேரளச் சட்டசபையில் எதிர்க்கட்சித் தலைவராக விளங்கியவர். 1963 டிசம்பரில் திருச்சூரை அடுத்த பீச்சிக்குச் சென்றபோது இவருடைய கார் ஒரு விபத்துக்கு உள்ளாயிற்று. காரில் அவருடைய மனைவியல்லாத ஒரு பெண்மணி இருந்தார் என்ற செய்தி பரவியது. அதன்பின் விபத்தைப் பற்றிப் பேசியவர் சிலர். பெண்மணியைப் பற்றிப் பேசியவரே பலர். எதிர்க்கட்சியினர் மட்டுமன்று, அவருடைய கட்சிக்குள்ளேயே அவருக்கு மாறாக இருந்தவர்களும் இதனைப் பற்றிக்கொண்டார்கள். 1964 பிப்ரவரியில் சாக்கோ பதவியை இராஜிநாமாச் செய்து, வழக்கறிஞர் தொழிலுக்குத் திரும்பினார். அவ்வாண்டிலேயே மாரடைப்பால் காலமானார்.

கதை அத்துடன் முடியவில்லை. அவருக்கு அநீதி இழைக்கப்பட்டதென்று கருதிய காங்கிரஸ் உறுப்பினர் 15 பேர், கே. எம். ஜார்ஜ் தலைமையில் பிரிந்தனர். 1964 செப்டம்பர் 8 அன்று சட்டசபையில் நம்பிக்கையில்லாத் தீர்மானம் நிறைவேறியது. சங்கர் அமைச்சரவை கவிழ்ந்தது. அக்டோபரில் கேரள காங்கிரஸ் என்ற புதுக்கட்சி தோன்றியது. 1965இல் நடந்த தேர்தலில் எக்கட்சிக்கும் பெரும்பான்மை கிட்டாமையால் அச்சபை கூடாமலே கலைக்கப்பட்டது. 1967 மார்ச் வரை, ஏறத்தாழ இரண்டரை ஆண்டுகள், மக்கள் தேர்ந்தெடுத்த அமைச்சரவை இன்றியே மாநிலம் குடியரசுத் தலைவர் ஆட்சியில் இருந்தது.

கட்சிப் பூசலும் வகுப்புப் பூசலும் முன்னரே இருந்தன என்பது உண்மையே. எனினும் அவற்றுக்குத் தீ மூட்டியது ஒரு வதந்தி. சாக்கோ ஒழுக்கம் தவறினார் என்பது எந்த நீதிமன்றத்திலும் மெய்ப்பிக்கப்படவில்லை. காவல்துறைக்குப் பொறுப்பான அமைச்சரின் கார் விபத்துக்கு உள்ளானால், அவர் சட்டப்படி நடந்துகொண்டாரா என்பதன்றோ குடிமக்கள் கேட்கவேண்டிய முதற் கேள்வி? உடன் சென்றவர் யார் என்ற கேள்வி அதனை மறைத்துவிட்டது. பொது வாழ்வில் வாய் திறந்து மறுமொழி கூற வழியற்ற அப்பெண்மணிக்கு நேர்ந்த துன்பத்தையோ எவரும் எண்ணிப் பார்க்கவில்லை.

இனி, சட்டம் என்ன கூறுகின்றது என்று காண்போம். சட்டசபை உறுப்பினரின் தகுதியின்மைகளை அரசியலமைப்பின் 191ஆம் பிரிவு வரையறுக்கின்றது. ஆதாயம் தரும் அரசுப் பதவி வகித்தல், மனநிலை பிறழ்ந்தவரென நீதிமன்றம் தீர்ப்பளித்தல், கடன் தீராத நொடிப்பு நிலை, குடியுரிமை இன்மை ஆகியன அவற்றுட் சில. 1951ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் குற்றத் தண்டனை பெற்றவர்களை விலக்குகின்றது. இல்லறத் துரோகம் இவற்றுள் எதிலும் தனியே இடம்பெறவில்லை. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 497ஆம் பிரிவு, பிறன் மனைவியை அவன் இசைவின்றிச் சேர்ந்த ஆடவனுக்கு 5 ஆண்டு வரை சிறை விதித்தது. துரோகத்துக்கு ஆளான மனைவி வழக்குத் தொடுக்கவோ வழியில்லை. கேரளத்தைச் சேர்ந்த ஜோசப் ஷைன் தொடுத்த வழக்கில், 2018 செப்டம்பர் 27 அன்று உச்ச நீதிமன்றம் அப்பிரிவைச் செல்லாதென்று தீர்ப்பளித்தது. ஆகவே இத்தவறு இன்று மணவிலக்குக்குக் காரணமாகலாம், குற்றமாகாது.

அங்ஙனமாயின் அமைச்சரின் தனிவாழ்வை எவரும் கேட்கவே கூடாதா? அப்படியன்று. சாக்கோவின் கார் விபத்து நிகழ்ந்த அதே 1963இல் பிரிட்டனின் யுத்த அமைச்சர் ஜான் புரொபியூமோ பதவி இழந்தார். கிறிஸ்டீன் கீலர் என்ற பெண்ணோடு தமக்கு முறைகேடான தொடர்பு ஏதுமில்லை என்று மார்ச்சில் பார்லிமெண்டில் கூறியவர், ஜூனில் அது பொய்யென ஒப்புக்கொண்டு விலகினார். அப்பெண்ணுக்குச் சோவியத் கடற்படை அதிகாரி ஒருவரோடும் பழக்கம் இருந்தமையால் நாட்டின் பாதுகாப்பைப் பற்றியும் ஐயம் எழுந்தது. வீட்டுத் தவறு சபையில் பொய்யாக மாறிய கணத்திலேயே அது நாட்டின் விவகாரமாயிற்று.

இவ்வேறுபாட்டை நம் சிலப்பதிகாரம் முன்பே அறிந்திருந்தது. ஆடல் மகளிரிடம் அரசனின் உள்ளம் சென்றதென்று ஊடிய கோப்பெருந்தேவி, தலைநோவென்று சொல்லி அவை நீங்குகின்றாள். அவள் ஊடலைத் தணிக்க விரையும் பாண்டியனை வழியில் பொற்கொல்லன் காண்கின்றான். ஆராயாமல் அரசன் ஆணையிடுகின்றான், கோவலன் கொலையுண்கின்றான். கண்ணகி அவைக்கு வந்து வழக்குரைத்தபோது அரசனுடைய அந்தப்புர வாழ்வைப் பற்றி ஒரு சொல்லும் கூறவில்லை. நீதி தவறியதையே கேட்டாள். மாதவியை நாடிச் சென்ற கோவலனின் தவறோ அவளுக்கும் அவனுக்கும் இடைப்பட்டதாகவே நின்றது.

எனவே இத்தகைய செய்தி எழும்போது நாம் கேட்கத்தக்க கேள்விகள் நான்கு. அவர் சபையிலோ மக்களிடமோ பொய் கூறினாரா? அரசுப் பணத்தையோ அதிகாரத்தையோ அதற்குப் பயன்படுத்தினாரா? தமக்குக் கீழ்ப்பட்டவரை வற்புறுத்தினாரா? அதனால் பிறருடைய மிரட்டலுக்கு ஆளாகிக் கடமையில் வழுவினாரா? இவற்றுள் ஒன்றுக்கேனும் ஆம் என்பது சான்றோடு விடையானால், அவர் விலகவேண்டும். எதற்கும் ஆம் என்ற விடை இல்லையாயின், அவரைக் கேள்வி கேட்கும் உரிமை முதலில் அவர் துணைவிக்கோ துணைவருக்கோ உரியது.

அத்தகையவருக்கு வாக்களித்தே தீரவேண்டும் என்பது இதன் பொருளன்று. நல்லொழுக்கத்தைப் பெரிதாக மதிக்கும் வாக்காளர் அவரை நிராகரிக்கலாம். அது அவருடைய உரிமை. ஆனால் நிராகரித்தல் வேறு, தகுதியற்றவரென விலக்குதல் வேறு. முன்னதற்கு வாக்குச்சீட்டு உண்டு; பின்னதற்குச் சான்று வேண்டும்.

வெளிமாநிலங்களில் வாழும் தமிழர்கள் தாம் குடியிருக்கும் ஊரிலேயே வாக்காளராகின்றனர். அவ்வூர்க் கட்சிகளின் உட்பூசல்கள் நமக்கு எளிதில் தெரிவதில்லை. பரபரப்பான செய்தியோ விரைவில் வந்து சேருகின்றது. அதைப் பிறரிடம் சொல்லுமுன் இந்நான்கு கேள்விகளையும் கேட்டுப் பார்த்தல் நாம் வாழும் மாநிலத்துக்கு நாம் செய்யும் கடமையாகும்.